செருப்பு போட்டுக்கொண்டு அரைக்கச் சொன்னவர்களுக்கு

நீளமான பதிவு. டீச்சர் பேச ஆரம்பித்தால் பெல் அடித்தாலும் நிறுத்த மாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு ஃபோன். 1994-ல் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவள். இப்போது அவளுக்கே கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். புதிதாக வாங்கிய வாஷிங் மெஷின் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதாம். கடையில் போய்ச் சொன்னதற்கு, "ஈரக் கையோட தொடாதீங்கக்கா, செருப்பு போட்டுக்கிட்டு நில்லுங்க, வாரண்டி இருக்கில்ல, கம்பெனி ஆளு வருவாரு" என்று அனுப்பிவிட்டார்களாம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வார்த்தையை அச்சு மாறாமல் போன வருஷம் நானும் கேட்டேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். சோம்பல்.

2024 ஜூலை 28, ஆடித் தள்ளுபடி, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பழைய கிரைண்டர் இருபத்திரண்டு வருஷம் உழைத்து ஓய்ந்துவிட்டது. ஊரில் பெரிய கடை. நாலு தலைமுறையாக எங்கள் தெருவே அங்கேதான் வாங்குகிறது. கடை பெயர் எழுத மாட்டேன், கேட்காதீர்கள். அங்கே விற்பனையில் நிற்கும் தம்பி என் பழைய மாணவன். ஸ்டீல் பாடி, சாய்க்கும் மாடல், இரண்டு லிட்டர். கோயம்புத்தூர் கிரைண்டர் என்றால் புவிசார் குறியீடே வாங்கிய பொருள், அதில் என்ன குறை வந்துவிடப் போகிறது என்று எனக்கும் ஒரு நம்பிக்கை. விலை 6,800 ரூபாய்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "பில் போட்டா ஜிஎஸ்டி வந்துரும் டீச்சர், பதினெட்டு பர்சென்ட், எஸ்டிமேட்ல எடுத்துக்கோங்க" என்றான் தம்பி. 2022 ஜூலைக்கு முன்னால் கல் போட்ட கிரைண்டருக்கு வரி 5 சதவீதம்தான். அதன்பிறகு 18 ஆக்கினார்கள். 1,224 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டது என் மனசு. எட்டாம் வகுப்பில் குடிமையியல் நடத்தி, வரி ஏன் கட்ட வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்ட அதே டீச்சர், ஒரு துண்டுச் சீட்டை வாங்கி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பணம் ஃபோன் வழியாகக் கட்டியதால் அதற்காவது சாட்சி இருந்தது. வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. அப்போது நான் கவனிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலை. புதுக் கல்லுக்கு முதலில் தவிடு போட்டு ஓட்டிக் கழுவ வேண்டும் அல்லவா. அதைச் செய்தது என் வீட்டுக்காரரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுபவர். எழுபத்தொரு வயது. சமையலறை அவர் ராஜ்ஜியம், செருப்போடு யாரும் உள்ளே போக முடியாது. வெறுங்காலோடு, ஈரத் தரையில் நின்று, ஒரு கையால் தவிட்டைத் தள்ளிக்கொண்டே இன்னொரு கையை கிரைண்டர் பாடியில் வைத்திருக்கிறார். "ஆத்தாடி" என்று ஒரு சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், முழங்கை வரை மரத்துப் போயிருக்கிறது. நல்ல வேளை, இழுத்துப் பிடிக்கவில்லை, உதறித் தள்ளிவிட்டது. அன்றைக்கு முழுதும் படபடப்பு அடங்கவில்லை. சாயங்காலம் டாக்டரிடம் போய் ஈசிஜி எடுத்துவந்தோம். ஒன்றுமில்லை என்றார். அந்த ஒன்றுமில்லை என்ற வார்த்தை வரும்வரை நான் பட்ட பாட்டை இங்கே எழுத வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். தம்பிதான் இருந்தான். அவன் சொன்ன முதல் வார்த்தை: "செருப்பு போட்டுக்கிட்டு அரைக்கச் சொல்லுங்க டீச்சர்."

பிள்ளைகளே, இவனுக்கு மின்கடத்தி, மின்கடத்தாப் பொருள் பாடம் நடத்தியது நான்தான். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறான், பாவி. பாடம் அதோடு முடியவில்லையே! கிரைண்டரின் வெளிப்பாகத்துக்கு மின்சாரம் வரவே கூடாது. உள்ளே எங்கேயாவது வயரின் மேல்தோல் உரிந்து பாடியைத் தொட்டால்கூட, மூன்று பின் பிளக்கில் தடிமனாக, நீளமாக இருக்கிற எர்த் பின் வழியாக அது மண்ணுக்குப் போய்விட வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பின்னே இருக்கிறது. தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் இரண்டு குற்றம் ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது: மின்சாரம் கசிகிறது, கசிகிற மின்சாரத்துக்குப் போக வழியும் இல்லை. செருப்பு அந்த இரண்டில் எதையும் சரிசெய்யாது, மறைத்து வைக்கும். செருப்புப் போட்டவர் ஒரு கையால் தண்ணீர்க் குழாயைத் தொட்டால் போதும். பேரப்பிள்ளை ஓடிவந்து பாட்டியைக் கட்டிக்கொண்டால் போதும். வீட்டில் வருவது 230 வோல்ட். முப்பது மில்லிஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு, உடம்பு வழியாகப் போனாலே உயிருக்கு ஆபத்து என்று வைத்துத்தான் ஆர்சிசிபி என்கிற கசிவுத் தடுப்பானையே செய்கிறார்கள். மெயின் போர்டில் இருக்கிற எம்சிபி இதற்கெல்லாம் விழாது. அது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான். எங்கள் வீட்டில் அப்போது ஆர்சிசிபி இல்லை. இப்போது மாட்டிவிட்டோம். உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று இந்தப் பதிவைப் படித்து முடித்ததும் போய்ப் பாருங்கள்.

அன்றைக்கு அவனிடம் ஷாக் பற்றி இவ்வளவும் சொன்னேன். அவன் சொன்ன இரண்டாவது வார்த்தைதான் என்னை இன்றைக்கு எழுத வைக்கிறது. "அதெல்லாம் கம்பெனி வாரண்டில பாத்துக்குவாங்க டீச்சர். அட்டையில நம்பர் இருக்கு, ஃபோன் பண்ணுங்க. நாங்க வித்தாச்சுன்னா அதுக்கப்புறம் அது கம்பெனி பொறுப்பு."

இது பொய். அவன் வேண்டுமென்று பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நாம் எல்லோரும் அதை உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். வாரண்டி என்பது நல்லபடி ஓடிக்கொண்டிருந்த பொருள் ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துப் பழுதானால் சரிசெய்து தருகிறேன் என்ற வாக்கு. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ஆளைத் தூக்கி அடித்த பொருளுக்கும் வாரண்டிக்கும் என்ன சம்பந்தம்? நான் கேட்டது கிரைண்டர். அவர்கள் கொடுத்தது கிரைண்டர் மாதிரி இருக்கிற வேறு ஏதோ ஒன்று. விற்பனையே இன்னும் ஒழுங்காக நடக்கவில்லை. நடக்காத விற்பனைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்னிடம் பணம் வாங்கியவர்தான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோதான், சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் தமிழும் இங்கிலீஷும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அந்தச் சட்டம் கண்டிஷன் என்றும் வாரண்டி என்றும் இரண்டைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. கண்டிஷன் என்பது ஒப்பந்தத்தின் உயிர்நாடி. அது மீறப்பட்டால் பொருளே வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். வாரண்டி என்பது அதற்கு அடுத்த படி. அது மீறப்பட்டால் நஷ்டஈடு கேட்கலாம், பொருளைத் தள்ள முடியாது. இன்ன பொருள் என்று கேட்டு, அந்த வகைப் பொருளையே வியாபாரம் செய்கிறவரிடம் வாங்கினால், அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்கும் என்பது யாரும் சொல்லாமலேயே ஒப்பந்தத்தில் அடங்கியது என்கிறது 16-வது பிரிவு. அடங்கியது எதுவாக? கண்டிஷனாக, வாரண்டியாக அல்ல. ஆக, கடைக்காரர் "வாரண்டி இருக்குங்க" என்று சொல்லும்போது நமக்கு ஏதோ கூடுதலாகக் கொடுப்பது போல இருக்கிறது. உண்மையில் பெரியதை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு சின்னதை நீட்டுகிறார்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்க்க நமக்கு நியாயமான அவகாசம் உண்டு. ஆனால் வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டால், ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும் என்கிறது 42-வது பிரிவு. ஏற்றுக்கொண்டபின் திருப்பித் தள்ளும் உரிமை தேய்ந்து, நஷ்டஈடு மட்டும்தான் மிச்சம். இப்போது யோசியுங்கள். "கம்பெனி ஆளு வருவாரு, ரெண்டு நாள் பொறுங்க" என்று அவர்கள் நாளைக் கடத்தும்போது ஓடுவது யாருடைய கடிகாரம்? வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தது என் இரண்டாவது தவறு. அன்றைக்கே "பழுது, எனக்கு வேண்டாம், பணத்தைத் திருப்பித் தரவும்" என்று ஒரு தாளில் எழுதி, நகலில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் தேதி நிற்கும்.

அன்று ஒரு காரியம் மட்டும் ஒழுங்காகச் செய்தேன். எஸ்டிமேட் சீட்டை நீட்டி, "வரியோடு பில் போடு" என்றேன். முகம் மாறிவிட்டது. ஓனரிடம் போய்க் கேட்டு, அரைமணி நேரம் கழித்து 8,024 ரூபாய்க்குப் பில் வந்தது. 1,224 ரூபாயைக் கட்டினேன். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அந்த வரிக்கு மதிப்பே கிடையாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அச்சடித்தால் அது சட்டமாகிவிடும் என்று நினைத்துத்தானே நாமெல்லாம் வாயை மூடிக்கொண்டு வருகிறோம்!

கம்பெனி ஆள் பதினோராவது நாள், ஆகஸ்ட் 9 அன்று வந்தார். நல்ல பையன், வெயிலில் பைக்கில் வந்திருந்தான். மோர் கொடுத்தேன். கிரைண்டரைத் திறக்கவில்லை. எங்கள் பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்தான், உதட்டைப் பிதுக்கினான், "வீட்டு எர்த்திங் ப்ராப்ளம்மா" என்றான். எல்லாம் சேர்த்து ஏழு நிமிஷம். ஜாப் கார்டை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னான். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் படித்தேன். "மெஷின் ஓகே. கஸ்டமர் வீட்டு எர்த்திங் சரியில்லை. விளக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிற்பாடு எந்த நீதிபதி முன்னால் போனாலும் அந்தத் தாள்தான் முதலில் வரும். நான் அதிலேயே, "திறந்து பார்க்கவில்லை. எர்த்தைச் சோதிக்கவில்லை. ஏற்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன். பையன் பயந்துவிட்டான். "எனக்கு ஒரு காலுக்கு இவ்வளவுன்னுதான்மா சம்பளம், க்ளோஸ் பண்ணலைன்னா காசு வராது" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குப் பிரச்னையைத் தீர்ப்பதற்குக் கூலி கிடையாது, முடித்ததாக எழுதுவதற்குத்தான் கூலி. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மேல்தான் கோபம்.

எங்கள் தெரு எலக்ட்ரீசியன் வந்து வீட்டு எர்த்தைச் சோதித்தார். நன்றாகவே இருந்தது. பிறகு மீட்டரை எடுத்து, பிளக்கைக் கழற்றிய நிலையில், ஒரு முனையை எர்த் பின்னிலும் இன்னொரு முனையை கிரைண்டர் பாடியின் ஒரு திருகிலும் வைத்தார். பீப் சத்தம் வரவேண்டும். வரவில்லை. "உள்ளே எர்த் வயர் பாடியோட சேரவே இல்ல டீச்சர்" என்றார். திறக்கட்டுமா என்றார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். திறந்தால் "நீங்க கை வெச்சுட்டீங்க, வாரண்டி போச்சு" என்று அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடும்.

ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. கல்லை எடுத்து வைத்துவிட்டு, கிரைண்டரை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். கையில் ஒரு பை. அதில் இரண்டு டார்ச் செல், ஒரு டார்ச் பல்பு, இரண்டு துண்டு வயர். உங்களில் பலருக்கு இப்போதே புரிந்திருக்கும். ஆறாம் வகுப்பு அறிவியல், ஆணி வைத்தால் எரியும், அழிரப்பர் வைத்தால் எரியாது. அதே செட்டப். கல்லாப்பெட்டிக்கு முன்னால் வைத்தேன். முதலில் கடையில் அடுக்கி வைத்திருந்த ஒரு புதுக் கிரைண்டர், அதே மாடல். ஒரு வயர் அதன் எர்த் பின்னில், இன்னொன்று பாடித் திருகில். பல்பு எரிந்தது. அப்புறம் என்னுடையது. எரியவில்லை. மறுபடியும் அது, எரிந்தது. மறுபடியும் இது, எரியவில்லை. சுற்றி ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒரு சின்னப் பையன் "இன்னொரு தடவை" என்று கேட்டான். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஓனர் மட்டும், "இது ஸ்கூல் இல்ல டீச்சர், வியாபாரம்" என்றார்.

ஓனர் அறையில் உட்காரவைத்து காபி கொடுத்தார். அவர் சொன்னதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. ஒரு கிரைண்டரில் தனக்கு நிற்பது சில நூறு ரூபாய் என்றார். பழுதானதைத் திரும்ப எடுத்தால் கம்பெனி உடனே பணம் தராது, மாதக்கணக்கில் இழுக்கும், சிலசமயம் "நீங்கள் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்" என்று தன் தலையிலேயே கட்டிவிடும் என்றார். ஆன்லைனில் விற்கிறவன் விலையைக் குறைக்கிறான், அதோடு போட்டி போட வேண்டியிருக்கிறது என்றார். உண்மையாகத்தான் இருக்கும். அவருக்கும் கம்பெனிக்கும் நடுவில் அநியாயம் நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு அவர் கம்பெனியோடுதான் சண்டை போட வேண்டும். அவர்களோடு சண்டை போட முடியவில்லை என்பதற்காக எழுபத்தொரு வயதுக் கிழவியைச் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்லலாமா? பலமானவனிடம் கேட்க முடியாததைப் பலவீனமானவன் தலையில் இறக்கிவைப்பது வியாபாரம் இல்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "சரி, ரிப்பேர் பண்ணித் தரச் சொல்றேன்" என்றார். ரிப்பேர் வேண்டாம், பணம் வேண்டும் என்றேன். அங்கேயே பேச்சு முறிந்தது.

வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர்கள். அதைச் சொல்லாமல் இந்தப் பதிவு முழுமையாகாது. நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். "ஒரு கிரைண்டருக்குப் போய் இவ்வளவா?" என்றார் என் சித்தப்பா மகன். "டீச்சர் உத்தியோகம் பார்த்தவ கடைத்தெருவுல நின்னு பல்பு காட்டுறா, நல்லாவா இருக்கு?" என்றார்கள் இன்னொரு பக்கம். "அவங்க நமக்கு வேண்டியவங்க, கல்யாணத்துக்கெல்லாம் மொய் வெச்சிருக்காங்க" என்றார் வேறொருவர். மதினியே, "விடும்மா, நான்தான் ஈரக்கையோட தொட்டுட்டேன்" என்றார். என்னை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கோபப்படுத்தியது அதுதான். அடிபட்டவரே குற்றத்தைத் தன் கைமேல் போட்டுக்கொள்கிறார். கிரைண்டரை ஈரக்கையோடு தொடாமல் உலகத்தில் யாராவது மாவு அரைத்திருக்கிறார்களா? அனுசரித்துப் போவது நல்ல குணம் என்று நாம் வளர்ந்திருக்கிறோம். மாமியாரோடு அனுசரிக்கலாம், பக்கத்து வீட்டோடு அனுசரிக்கலாம். மின்சாரம் யாரோடும் அனுசரிக்காது.

அடுத்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆகஸ்ட் 14 அன்று கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத்தபால், ஒப்புகை அட்டையோடு. பில் நகல், பணம் கட்டிய விவரம், ஜாப் கார்டு படம், ஈசிஜி, எல்லாம் இணைத்தேன். பதினைந்து நாள் கெடு. பதில் இல்லை. செப்டம்பரில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். புகாரைப் பதிந்துகொண்டார்கள், கம்பெனிக்கு அனுப்பினார்கள். "சர்வீஸ் செய்யத் தயாராக இருக்கிறோம்" என்று கம்பெனி பதில் எழுதியது. பாருங்கள், மறுபடியும் அதே சர்வீஸ். அக்டோபரில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கிற ஊரையோ, பிரச்னை நடந்த ஊரையோ தேடிப்போக வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். வெளியூர்க் கம்பெனி மேலும் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. பிரச்னை வந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனில் பதிவேற்ற எனக்குத் தெரியவில்லை. 2009 பேட்ச் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்து செய்து கொடுத்தாள். அவளுக்கு இங்கே என் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வழக்குகளை மூன்று மாதத்தில், சோதனைக்கூடப் பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தாவும் இருக்கும், அலைச்சலும் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். என் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த பிறகு, டிசம்பரில், ஓனரும் கம்பெனியின் ஏரியா மேனேஜரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கையில் பழத்தட்டு வேறு. புதுக் கிரைண்டர் தருகிறோம், இதை எடுத்துக்கொள்கிறோம், வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். இதை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வீர்கள்?

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஓனர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் சரிபண்ணி டெமோ பீஸா தள்ளிருவோம் டீச்சர், நஷ்டம் வராது." நல்ல மனிதர்தான், மறைக்கத் தெரியவில்லை. டெமோ பீஸ் என்றால் என்ன? விலை குறைவு என்று தேடி வாங்குகிறவர் வீட்டுக்குப் போகும். பெரிய கடையில் டீச்சர் மாதிரி நின்று பல்பு காட்டத் தெரியாதவர் வீட்டுக்கு. அங்கேயும் ஒருவர் வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்பார்.

எங்கள் திண்ணையிலேயே திறந்து காட்டச் சொன்னேன். மேனேஜரே திருகைக் கழற்றினார். எர்த் வயரின் முனை எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் ஒரு திருகு போட மறந்திருக்கிறார்கள். பக்கத்தில் மோட்டாருக்குப் போகும் ஒரு வயர் சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவில் நசுங்கி, செம்பு தெரிந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் பேசவில்லை. கடைசியில் மேனேஜர், "இது வெளிய வந்திருக்கக் கூடாதும்மா" என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன்.

எழுதிக் கொடுத்தார்கள். சீரியல் நம்பரோடு, மின்கசிவு உள்ளது, மறுவிற்பனைக்கு அல்ல, உற்பத்தியாளருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது என்று, கம்பெனி முத்திரையும் கடை முத்திரையும் வைத்து. பவர் கார்டை என் கண்முன்னால் வெட்டி எடுத்தபிறகுதான் வண்டியில் ஏற்ற விட்டேன். ஜனவரியில் 8,024 ரூபாயும், செலவுக்கு என்று 3,000 ரூபாயும் வந்தது. அதன்பிறகுதான் புகாரை முடித்துக்கொண்டேன். பழத்தட்டைத் திருப்பிக் கொடுக்க மதினி விடவில்லை.

அந்தத் தம்பி பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தான். இப்போது கடையில் கிரைண்டர், மிக்ஸி, ஹீட்டர் எது விற்றாலும் பெட்டியைப் பிரித்து எர்த்தைச் சோதித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறானாம். ஓனர் ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டேன். "ஒரு நிமிஷம்கூட ஆகாது டீச்சர்" என்றான். அப்புறம் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, "மதினியம்மாகிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான். உள்ளே போய் அவரிடமே சொல்லு என்று அனுப்பினேன்.

வாஷிங் மெஷின் வாங்கியவளுக்கு: பிளக்கைக் கழற்று. கம்பெனிக்கு ஃபோன் பண்ணாதே. இன்றைக்கே கடைக்காரருக்கு எழுத்தில் கொடு, முப்பது நாள் இன்னும் முடியவில்லை. உன் எலக்ட்ரீசியனை வைத்து எர்த்தைச் சோதி, ஆனால் மெஷினைத் திறக்க விடாதே. ஜாப் கார்டு நீட்டினால் எனக்குப் படம் அனுப்பிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு. சனிக்கிழமை நான் வருகிறேன், பல்பும் செல்லும் என்னிடம் இருக்கிறது.

வேறு கடையில் புதுக் கிரைண்டர் வாங்கியாகிவிட்டது. சோதித்துப் பார்த்துத்தான் வாங்கினோம். எர்த் நன்றாக இருக்கிறது, ஆர்சிசிபியும் மாட்டியாகிவிட்டது, மதினியிடம் பத்துத் தடவை விளக்கிச் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் கிரைண்டருக்கென்றே தனியாக ஒரு ஜோடி ஹவாய் செருப்பு வாங்கி, கழுவி, சமையலறை மூலையில் வைத்திருக்கிறார். நேற்றும் அதைப் போட்டுக்கொண்டுதான் இட்லிக்கு அரைத்தார்.